விசென்டர் உள்ளே விடமாட்டேன் என்கிறது, இலை எடை மட்டும் ஓடுகிறது: சர்வரை அணைக்கலாமா?

2024 ஜூன் 20, காலை. ஒரு வாசகர் கேட்டது:

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணினி வேலை பார்க்கிறேன் அண்ணா. இரண்டு சர்வர், இரண்டிலும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 6.7 (ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்), அவற்றை மேய்க்க ஒரு விசென்டர் அப்ளையன்ஸ் (அதுவும் ஒரு விஎம்). முந்தாநாள் ராத்திரி கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் விஎம்கள் எல்லாம் தானாக ஏறிவிட்டன. பச்சை இலை எடை போடும் மென்பொருள் ஓடுகிறது, டேலியும் ஓடுகிறது. விசென்டரில் மட்டும் 503, சேவை கிடைக்கவில்லை என்று வருகிறது. சர்வர் விற்ற கம்பெனிக்காரர்கள், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும், மழை விட்டதும் கோவையில் இருந்து வருகிறோம் என்கிறார்கள். இலை வரத்து அதிகமாக இருக்கிற நேரம். அணைக்கலாமா?

2024 ஜூன் 20, காலை 11 மணி

அணைக்காதே தம்பி.

விஎம்கள் ஓடுவது ஹோஸ்ட்டில், அதாவது இஎஸ்எக்ஸ்ஐ போட்ட சர்வரில். விசென்டர் அவற்றை மேலாண்மை செய்கிற இடம், அவ்வளவுதான். அது விழுந்தால் ஓடிக்கொண்டிருக்கிற விஎம்களுக்கு ஒன்றும் ஆகாது. ஹெச்ஏ (ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்களை இன்னொன்றில் தானாக ஏற்றும் வசதி) போட்டிருந்தால் அதுகூட வேலை செய்யும், ஏனென்றால் அதன் ஏஜென்ட் ஹோஸ்ட்டுகளிலேயே உட்கார்ந்திருக்கிறது. நின்றுபோவது விமோஷன் (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது), டிஆர்எஸ் (ஹோஸ்ட்டுகளுக்கிடையே சுமையைப் பங்கிடுவது), அப்புறம் விசென்டர் வழியாகப் போகிற பேக்கப்.

கடைசியாகச் சொன்னதுதான் உனக்கு அவசரம். பேக்கப் மென்பொருள் விசென்டரில் லாகின் செய்து எடுப்பதாக இருந்தால், முந்தாநாள் ராத்திரியில் இருந்து உனக்குப் பேக்கப் இல்லை. இலை எடை டேட்டாபேஸை அந்த விஎம்முக்குள்ளிருந்தே எடுத்து வெளி டிஸ்க்கில் வை. மாதக் கடைசியில் சிறு விவசாயிகளுக்குப் பணம் போடுவது அந்தக் கணக்கை வைத்துத்தான். மற்றது எல்லாம் பிறகு.

2024 ஜூன் 20, மாலை

பேக்கப் எடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். நல்லது. இனி நிதானமாகப் பார்க்கலாம்.

பிரவுசரில் ஹோஸ்ட்டின் ஐபி முகவரியைப் போட்டு, பின்னால் சாய்கோடும் யுஐ என்ற இரண்டு எழுத்தும் சேர்த்தால் ஹோஸ்ட் கிளையன்ட் வரும். ரூட் கடவுச்சொல் போதும், விசென்டர் தேவையில்லை. விசென்டர் விஎம் எந்த ஹோஸ்ட்டில் இருக்கிறது என்று கண்டுபிடி. அப்படியே அந்த ஹோஸ்ட்டின் கடிகாரத்தையும் பார். கரண்ட் போய் வந்த பிறகு பழைய சர்வர்கள் ஏதோ ஒரு பழைய வருடத்தில் எழுந்திருப்பதை நான் இந்த மலையில் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

அடுத்து, விசென்டரின் 5480 போர்ட்டைத் திற. அங்கே அப்ளையன்ஸின் சொந்த ரூட் கணக்கில் நுழையலாம், எஸ்எஸ்ஓ (விசென்டரின் பொது உள்நுழைவு அமைப்பு) கெட்டிருந்தாலும் அது உள்ளே விடும். எஸ்எஸ்ஓ ஓடுகிறதா என்று முகப்பிலேயே காட்டும். நேரம் என்ன காட்டுகிறது, டிஎன்எஸ் முகவரி சரியா என்று பார். விசென்டரின் பெயரைக் கேட்டால் ஐபி வர வேண்டும், ஐபியைக் கேட்டால் பெயர் வர வேண்டும். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் உள்ளே இருக்கிற சர்வீஸ்கள் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது.

அப்புறம் ஒரு கேள்வி. இந்த விசென்டரைப் புதிதாக நிறுவியது எந்த மாதம், எந்த வருடம்? பில் இருந்தால் எடுத்துப் பார்.

2024 ஜூன் 20, இரவு

நிறுவிய தேதி எதற்கு என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

எஸ்எஸ்ஓவுக்குள் எஸ்டிஎஸ் என்று ஒன்று இருக்கிறது, டோக்கன் கொடுக்கிற சர்வீஸ். நீ கடவுச்சொல்லைக் கொடுக்கும்போது அது சரிபார்த்து, தன் சான்றிதழால் கையொப்பம் இட்டு ஒரு டோக்கன் தருகிறது. மற்ற சர்வீஸ்கள் உன் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை, டோக்கனில் உள்ள கையொப்பத்தைத்தான் பார்க்கின்றன. மே மாதத்தில் இருந்து ஊட்டிக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள் அல்லவா, அதே மாதிரி. கல்லாறு சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு உன்னை யார் என்று தெரியாது, பாஸ் செல்லுமா என்பது மட்டும்தான் தெரியும். பாஸ் கொடுக்கிற இடத்தின் முத்திரையே காலாவதி ஆகிவிட்டால் எத்தனை பாஸ் எடுத்தாலும் எதுவும் செல்லாது. ஹோஸ்ட்டின் ரூட் கணக்கு டிஎன் 43 எண் கொண்ட உள்ளூர் வண்டி, அதற்குப் பாஸே வேண்டாம்.

6.5 அப்டேட் 2-இல் இருந்து புதிதாக நிறுவிய விசென்டர்களில் அந்தக் கையொப்பச் சான்றிதழுக்கு ஆயுள் இரண்டு வருடம். அதற்கு முந்தைய பதிப்புகளில் பத்து வருடம் இருந்ததால் யாருக்கும் இந்த நினைப்பே இல்லை. முன்கூட்டியே அலாரம் அடிக்கும் என்று அந்தப் பதிப்புகளை நம்பியிருக்க முடியாது. ஒருநாள் முடியும், கதவு சாத்திக்கொள்ளும்.

நீ 2022 ஜூனில் நிறுவியிருந்தால் கணக்கு சரியாக வரும். கரண்ட் போனதற்கும் இதற்கும் தொடர்பு ஒன்றுதான்: சான்றிதழ் முடிந்த பிறகு சர்வீஸ்கள் மறுபடி தொடங்க வேண்டி வந்தது, தொடங்க முடியவில்லை.

2024 ஜூன் 21, காலை

2022 ஜூன் என்று பில்லில் இருக்கிறதாம். கடிகாரமும் சரி, டிஎன்எஸ்ஸும் சரி. அப்படியானால் உறுதிப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. விஎம்வேர் தன் அறிவுத்தளத்தில் செக்எஸ்டிஎஸ் என்ற பைத்தான் ஸ்கிரிப்ட்டை வைத்திருக்கிறது, பழைய கட்டுரை எண் 79248. அப்ளையன்ஸில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை தரும் வழி) திறந்து அதை ஓட்டினால் சான்றிதழ் எப்போது முடிகிறது, முடிந்துவிட்டதா என்று சொல்லிவிடும். படிக்க மட்டும்தான் செய்யும், எதையும் மாற்றாது. தைரியமாக ஓட்டு.

முடிந்துவிட்டது என்று வந்தால் ஃபிக்ஸ்எஸ்டிஎஸ் என்ற இன்னொரு ஸ்கிரிப்ட், பழைய கட்டுரை எண் 76719. இது மாற்றும். அதனால் ஓட்டுவதற்கு முன்னால் விசென்டர் விஎம்மை மட்டும் ஒழுங்காக நிறுத்தி, ஹோஸ்ட் கிளையன்ட்டில் இருந்து ஒரு ஸ்னாப்ஷாட் (திரும்பிப் போகக்கூடிய அப்போதைய நிலையின் பதிவு) எடு, பிறகு மறுபடி தொடங்கு. உனக்கு ஒரே விசென்டர் என்பதால் இது எளிது. லிங்க்ட் மோடில் இரண்டு மூன்று விசென்டர் சேர்ந்திருப்பவர்கள் இதைப் படித்தால்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஸ்னாப்ஷாட் எடுங்கள். அவற்றின் டைரக்டரி ஒன்றுக்கொன்று நகல் எடுத்துக்கொள்வது. ஒன்றை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பினால் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் தகராறு ஆகிவிடும்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் எல்லா சர்வீஸையும் நிறுத்தித் தொடங்கு. எழுந்து வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். டீ குடித்துவிட்டு வா, நடுவில் ரீபூட் செய்யாதே.

இன்னொன்று. மெஷின் எஸ்எஸ்எல் சான்றிதழும் (விசென்டர் பிரவுசருக்குக் காட்டுவது) உள்ளே இருக்கிற மற்ற சர்வீஸ் சான்றிதழ்களும் கூடவே முடிந்திருக்கலாம். அப்படி இருந்தால் எஸ்டிஎஸ்ஸை மட்டும் சரிசெய்தும் சர்வீஸ் எழாது. அப்ளையன்ஸிலேயே இருக்கும் சர்ட்டிபிகேட் மேனேஜரில் 8-வது தேர்வு எல்லாச் சான்றிதழையும் ஒரேயடியாகப் புதுப்பிக்கும். அதைச் செய்தால் பேக்கப் மென்பொருளில் போய் விசென்டரின் புதிய சான்றிதழை ஒருமுறை ஏற்றுக்கொள்ள வேண்டும், மறந்துவிடாதே.

2024 ஜூன் 21, இரவு

திறந்துவிட்டது என்று படம் அனுப்பியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். இலை லாரிகள் வந்துகொண்டே இருக்கும்போது விசென்டரைத் தவிர ஒரு விஎம்மைக்கூட நிறுத்தாமல் முடித்தாய், அது பெரிய விஷயம்.

ஸ்னாப்ஷாட்டை ஓரிரு நாளில் அழித்துவிடு. விட்டால் டிஸ்க்கை நிரப்பும்.

2024 ஜூன் 23

நடுவில் வேறொருவர் கேட்டது: அப்ளையன்ஸ் ரூட் கடவுச்சொல்லே காலாவதி என்று வந்தால்? அதற்கும் இயல்பாக 90 நாள் ஆயுள் வைத்திருக்கிறார்கள். விஎம்மை ரீபூட் செய்து, தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் இ எழுத்தை அழுத்தித் தொடக்க வரியைத் திருத்தி உள்ளே போய் மாற்றலாம். ஹோஸ்ட் கிளையன்ட்டின் கன்சோல் இருந்தால் போதும். விசென்டரின் தலைமைக் கணக்கான அட்மினிஸ்ட்ரேட்டர்@விஸ்பியர்.லோக்கல் கடவுச்சொல் மறந்துபோனால் விடிசிஅட்மின்டூல் என்ற கருவி, அப்ளையன்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அது புதிய கடவுச்சொல்லைத் தானே உருவாக்கித் தரும். அதில் வினோதமான குறிகள் வரும், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக, கடைசியில் எல்லாம் ஹோஸ்ட்டின் ரூட்டில் வந்து நிற்கிறது. அது இருந்தால் மற்றதை மீட்கலாம்.

2024 ஜூன் 29

"இவ்வளவு தொல்லை என்றால் எஸ்எஸ்ஓ எதற்கு? இரண்டு ஹோஸ்ட், இரண்டு ரூட், முடிந்தது கதை" என்று குன்னூர் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் இதை ஆரம்பத்தில் இருந்து பார்த்தவன்.

2012-இல் 5.1 வந்தபோதுதான் விசென்டருக்குள் எஸ்எஸ்ஓ முதலில் நுழைந்தது. அதற்குத் தனி டேட்டாபேஸ் வேண்டும், தனிக் கடவுச்சொற்கள் வேண்டும், அப்கிரேட் செய்தால் பாதி இடங்களில் உடைந்தது. அப்போது கோவையில் வேலை பார்த்தேன், ஒரு மில்லில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிய நினைவு இன்னும் இருக்கிறது. அடுத்த வருடம் 5.5-இல் அவர்களே அதைப் புதிதாக எழுதினார்கள். டேட்டாபேஸ் போயிற்று, விஸ்பியர்.லோக்கல் வந்தது. 2015-இல் 6.0, அதோடு பிஎஸ்சி. எஸ்எஸ்ஓ, சான்றிதழ், லைசென்ஸ் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வேறொரு விஎம்மில் வைக்கலாம் என்றார்கள். ஊட்டியில் ஒரே ஒரு ஹோஸ்ட் வைத்திருந்த விடுதிக்குக்கூடத் தனி பிஎஸ்சி போட்டுக் கொடுத்த ஆட்கள் இருந்தார்கள். 6.7 வந்த பிறகு அதை மறுபடி உள்ளே சேர்க்கச் சொன்னார்கள், 2020-இல் வந்த 7.0-இல் தனி பிஎஸ்சி என்பதே கிடையாது. பிரித்து, சேர்த்து, கடைசியில் 5.5 இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது.

இருந்தாலும் ரூட் மட்டும் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். எல்லோரும் ஒரே ரூட்டில் நுழைந்தால் யார் எதைச் செய்தார்கள் என்பது பதிவிலேயே இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பரீட்சை நேரத்தில் ஒரு விஎம் அழிந்தது. மூன்று பேருக்கு ரூட் தெரியும், பதிவில் ரூட் என்றுதான் இருக்கிறது. பழி வயதில் இளைய பையன் மேல் விழுந்தது. அவன் செய்யவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன், ஆனால் நிரூபிக்க வழியில்லை. அவனவன் பெயரில் நுழைந்திருந்தால் அந்தப் பையன் தப்பியிருப்பான். எஸ்எஸ்ஓவுக்கு நான் ஆதரவாக இருப்பது இதனால்தான்.

2024 ஜூன் 30

நேற்று எழுதியதை ஒரு ராத்திரி யோசித்த பிறகு: சிறிய இடத்துக்கு விசென்டரே வேண்டுமா என்ற கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும். மிகச் சிறிய அளவில் நிறுவினாலும் 6.7 விசென்டர் 10 ஜிபி நினைவகம் கேட்கும், 7.0 என்றால் 12, 8.0 என்றால் 14. அந்த அளவே பத்து ஹோஸ்ட்டுக்கும் நூறு விஎம்முக்கும் ஆனது. ஒரே ஹோஸ்ட், நான்கு விஎம் என்றால் வேண்டாம். ஹோஸ்ட்டிலேயே ஆளுக்கொரு உள்ளூர்க் கணக்கு உருவாக்கி, வேண்டிய அனுமதி மட்டும் கொடுங்கள். பெயரும் பதிவாகும், டோக்கனும் வேண்டாம். இரண்டு ஹோஸ்ட் இருந்து நடுவில் பொது ஸ்டோரேஜும் இருந்தால் விசென்டர் தேவைதான்.

2024 ஆகஸ்ட் 2

இதை ஹோஸ்ட் வைத்திருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும்.

ஹோஸ்ட்டிலேயே நேரடியாக ஆக்டிவ் டைரக்டரியை (விண்டோஸ் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் அமைப்பு; அது ஆளும் வட்டம் டொமைன்) சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்திருந்தால், டொமைனில் "இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்" என்ற பெயரில் ஒரு குழு இருந்தால் அதில் உள்ளவர்களுக்கு ஹோஸ்ட்டின் முழு அதிகாரமும் தானாகவே போகிறது. குழு உண்மையானதா என்று ஹோஸ்ட் பார்ப்பதில்லை, பெயரை மட்டும் பார்க்கிறது. டொமைனில் குழு உருவாக்கும் உரிமை கிடைத்த ஒருவன் அந்தப் பெயரில் ஒன்றை உருவாக்கித் தன்னைச் சேர்த்துக்கொண்டால் போதும். ரான்சம்வேர் கும்பல்கள் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிப்பவர்கள்) இதை நிஜமாகவே பயன்படுத்துகின்றன என்று மைக்ரோசாஃப்ட் ஜூலை 29-இல் வெளியிட்டது. இந்தக் குறையின் எண் சிவிஇ-2024-37085. 8.0 அப்டேட் 3-இல் சரிசெய்திருக்கிறார்கள். 7.0-க்குத் திருத்தம் வராது. அந்தக் குழுவைத் தானாகச் சேர்ப்பதை ஹோஸ்ட்டின் மேம்பட்ட அமைப்புகளில் நிறுத்தலாம்.

சிறிய இடங்களுக்கு என் வேண்டுகோள்: ஹோஸ்ட்டை டொமைனில் இருந்து எடுத்துவிடுங்கள். விசென்டர் டொமைனைக் கேட்கட்டும், ஹோஸ்ட் கேட்க வேண்டாம். ஒரு விண்டோஸ் கணினியில் பிடித்த தீ நேராக ஹோஸ்ட்டுக்கு வரும் வழியை நாமே திறந்து வைக்கக் கூடாது.

ஜூனில் எழுதிய நேரப் பிரச்சினையை இதோடு சேர்த்துப் பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலான இடங்களில் டொமைன் கன்ட்ரோலரும் (டொமைனை நடத்தும் சர்வர்) அதே ஹோஸ்ட்டில் ஒரு விஎம். ஹோஸ்ட் நேரத்தை அந்த விஎம்மிடம் கேட்கிறது, அந்த விஎம் விஎம்வேர் டூல்ஸ் வழியாக ஹோஸ்ட்டிடம் கேட்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தப்பான நேரத்துக்குப் போகும். டொமைனின் உள்நுழைவு முறையான கெர்பரோஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தைப் பொறுக்காது, லாகின் நிற்கும். டூல்ஸ் வழி நேர ஒத்திசைவை டொமைன் கன்ட்ரோலரில் நிறுத்துங்கள். ஹோஸ்ட்டும் அதுவும் வெளியே நேரம் சொல்லும் ஒரு நல்ல என்டிபி சர்வரைக் கேட்கட்டும்.

2024 அக்டோபர் 27

ஊட்டியில் ஒரு விடுதியில் 8.0 அப்டேட் 2 போட்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் இணைய உள்நுழைவுச் சேவையான என்ட்ரா ஐடியோடு இணைக்கலாமா என்று கேள்வி. அந்தப் பதிப்பில் இருந்து நேரடியாக இணைக்கலாம். இதே வகைச் சேவைகளில் ஏடிஎஃப்எஸ் 7.0-இலேயே வந்தது, ஆக்டா 8.0 அப்டேட் 1-இல். கைபேசியில் இரண்டாவது சரிபார்ப்பு வருகிறது, கடவுச்சொல் விசென்டருக்கே தெரியாது. பாதுகாப்பு என்று பார்த்தால் நல்ல ஏற்பாடு.

ஆனால் அடையாளத்தைச் சரிபார்ப்பது இணையத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது. பர்லியாறு வழியில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில்தான் சர்வரைத் தொட வேண்டிய தேவையும் வரும்.

இணையுங்கள். இணைத்த பிறகும் அட்மினிஸ்ட்ரேட்டர்@விஸ்பியர்.லோக்கல் வேலை செய்யும், அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேனேஜர் அறை பீரோவில் வையுங்கள். ஹோஸ்ட் ரூட்டும் அதே உறையில். உறையைத் திறந்தால் மறுநாள் கடவுச்சொல் மாற்ற வேண்டும் என்று ஏற்பாடு. இணையக் கேபிளைக் கழற்றி, அந்தக் கணக்கில் நுழைய முடிகிறதா என்று ஒருமுறை செய்தே பாருங்கள்.

2024 நவம்பர் 3

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை. என்ட்ரா இல்லாமல் உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியை எல்டேப்எஸ் (டைரக்டரியிடம் பாதுகாப்பாகக் கேட்கும் முறை) வழியாகச் சேர்த்திருப்பவர்களே நம் பக்கம் அதிகம். சேர்க்கும்போது டொமைன் கன்ட்ரோலரின் சான்றிதழை விசென்டரில் ஏற்றியிருப்பீர்கள். அந்தச் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. அது மாறினாலும் புதிய டொமைன் கன்ட்ரோலர் வந்தாலும் லாகின் நிற்கும், கடவுச்சொல் தவறு என்பது போலவே காட்டும். பழைய விண்டோஸ் ஒருங்கிணைப்பு முறையை 7.0-இலேயே கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், புதிதாக அதில் போகாதீர்கள்.

2025 ஜனவரி 19

கோத்தகிரித் தம்பி மறுபடி. 6.7-க்கு ஆதரவு 2022 அக்டோபரிலேயே முடிந்தது, நிரந்தர லைசென்ஸ் விற்பனையும் 2023 டிசம்பரோடு நின்றுவிட்டது, முதலாளி சந்தா கட்டத் தயாராக இல்லை, இதே வேலை செய்யும் இன்னொரு மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் போகலாமா, அங்கே இந்த எஸ்எஸ்ஓ தொல்லை இருக்காதா என்கிறான்.

போகலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-இல் இருந்து இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டை நேராகச் சேர்த்து விஎம்களை இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. தனி மேலாண்மை விஎம் கிடையாது, ஒவ்வொரு நோடும் (அங்கே சர்வருக்கு அந்தப் பெயர்) தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் ரூட், அதன் சொந்தக் கணக்குகள், எல்டேப், ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன்ஐடி கனெக்ட் என்று உள்நுழைவு வழிகள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று கெட்டால் லாகின் பக்கத்திலேயே இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எனக்கு அந்த அமைப்பு மிகவும் பிடித்திருக்கிறது.

அதற்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இரண்டே நோடு உள்ள கிளஸ்டரில் ஒன்று விழுந்தால் மற்றதற்குப் பெரும்பான்மை வாக்கு கிடைக்காது. அமைப்புகளை மாற்ற விடாது, நிறுத்திய விஎம்மை ஏற்ற விடாது. மூன்றாவது வாக்குக்குச் சின்னக் கணினி ஒன்று, ராஸ்பெர்ரி பை கூடப் போதும், க்யூடிவைஸாக, அதாவது வாக்கு மட்டும் தரும் கணினியாகப் போட்டுவிடு. கோவை அலுவலகத்தில் இருக்கும் சர்வரை இதே கிளஸ்டரில் சேர்க்க நினைக்காதே. நோடுகளை ஒன்றாகப் பிடித்து வைக்கும் கோரோசிங்க்குக்கு உள்ளூர் நெட்வொர்க்கின் வேகம் வேண்டும், மலை இறங்கிப் போகிற லைன் தாங்காது.

2025 மார்ச் 8

விஎம்கள் எல்லாம் மாறிவிட்டனவாம். இரண்டாவது சரிபார்ப்பும் வைத்திருக்கிறான், ரொம்ப நல்லது. ஆனால் கைபேசியில் வரும் ஆறு இலக்க எண் நேரத்தை வைத்துக் கணக்கிடுவது. பேட்டரி செத்து நோடின் கடிகாரம் தவறினால் சரியான எண்ணைப் போட்டாலும் உள்ளே விடாது. இரண்டு நோடிலும் அந்தப் பேட்டரியை இந்த மாதமே மாற்று. மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து அதே உறையில் வை.

2025 செப்டம்பர் 14

7.0 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அக்டோபர் 2-ஆம் தேதியோடு பொது ஆதரவு முடிகிறது. 8-க்கு ஏற நினைத்தால் முதலில் சர்வரின் சிப்பை அது ஏற்குமா என்று பாருங்கள். பழைய இன்டெல் சிப்கள் சிலவற்றை 8 விலக்கிவிட்டது. அப்கிரேட் தொடங்கும் முன் செக்எஸ்டிஎஸ் ஓட்டி, சான்றிதழ்கள் உயிரோடு இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன சான்றிதழோடு அப்கிரேட் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

2025 செப்டம்பர் 21

கோத்தகிரித் தம்பிக்கு ஈரோட்டில் வேலை கிடைத்திருக்கிறது. புதிதாக வரும் பெண்ணுக்கு எதையெல்லாம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்கிறான்.

அவருக்கு அவர் பெயரிலேயே கணக்கு உருவாக்கு, உன் கணக்கைக் கொடுக்காதே. அவர் கைபேசியில் இரண்டாவது சரிபார்ப்பை உன் முன்னாலேயே போடச் சொல். ஒரு விஎம்மை நிறுத்தித் தொடங்கி, பேக்கப்பில் இருந்து ஒன்றை மீட்டுப் பார்க்கட்டும். பிறகு உறையைத் திறந்து, ரூட் கடவுச்சொற்களை அவரே மாற்றி, அவரே எழுதி ஒட்டட்டும். நீ பார்க்காதே. கடைசியாக உன் கணக்கையும் உன் கைபேசியின் சரிபார்ப்பையும் அவர் கையால் நீக்கச் சொல்லிவிட்டு, நுழைய முடியவில்லை என்பதை நீயே ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு பஸ் ஏறு.